அந்த ஊரின் பெயர் மெல்ஸி

அந்த நாவலை நீங்கள் படிக்கவில்லை. மூன்று பாகங்களில் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. படித்ததாக மேடையில் பேசினீர்கள், படித்ததாகப் பத்திரிகையில் எழுதினீர்கள். இரண்டும் பொய்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் பேசிக்கொண்டிருப்பது, கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் எனக்கு எம்.ஃபில். கைடாக இருந்த ஆங்கிலப் பேராசிரியரிடம். பெயர் போடவில்லை. அவருக்குத் தெரியும். எம்.ஏ. வரைக்கும் நாங்கள் கடையில் கைடு வாங்கிப் படித்தோம். எம்.ஃபிலுக்குப் போனதும் கைடு எங்களை வாங்கிக்கொண்டார்.

நான் சோமனூர்ப் பக்கம். எங்கள் ஊரில் பகல் முழுக்கத் தறி ஓடும். பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுவதற்கே கத்த வேண்டும். அப்படியே கத்திப் பழகிய தொண்டை எனக்கு. வகுப்பில் பதில் சொன்னால் பக்கத்து வகுப்பில் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மா ஒரு தறிக்கூடத்தில் தார் சுற்றினாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாக் கட்டைக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் ஊடை நூலைச் சுற்றித் தருகிற வேலை. அவள் விரலில் எப்போதும் நூல் அறுத்த கோடுகள் இருக்கும். கூடத்து முதலாளியிலிருந்து லோடு ஏற்ற வருகிறவர்கள் வரை எல்லோரும் அவளை அம்மணி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் பெயர் அங்கே யாருக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

முதல் நாள் உங்கள் அறைக்கு வந்தபோது நீங்கள் கேட்டது நினைவிருக்கிறதா?

"எந்த ஊர் அம்மணி?"

"சோமனூர்ங்க சார்."

"தறியா?"

"ஆமாங்க சார்."

"சொந்தத் தறியா, கூலிக்கா?"

"கூலிக்குங்க."

அதற்கு மேல் நீங்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எந்த எழுத்தாளரைப் படித்திருக்கிறாய், ஏன் ஆய்வு செய்ய வந்தாய், ஒன்றும் இல்லை. உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஒரு பெரிய கவிஞரின் பெயரைச் சொல்லி, அவர் கவிதையில் இயற்கை என்று தலைப்பு எழுதிக் கொடுத்தீர்கள். எனக்கு முன்னால் வந்தவளுக்கும் அதே கவிஞர்தான். அவளுக்கு இயற்கைக்குப் பதிலாக மரணம்.

அந்த இன்னொருத்தி அன்னூர்க்காரி. என்னோடு எம்.ஏ. படித்தவள். வெளியே வந்ததும் சொன்னாள்: "உனக்குப் பரவால்ல. மரம், மட்டைனு எழுதிப்போட்டு ஊட்டுக்குப் போயிருவ. நான் ஒரு வருசம் எழவு ஊட்லயே உக்காந்துருக்கோணும்."

இயற்கைக்குக் குறிப்பெடுக்கத்தான் நூலகத்துக்குப் போனேன். எங்கள் கல்லூரி நூலகத்தின் பின்கட்டில் மரப்பெட்டிகள் கிடந்தன. மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனவை என்றார் நூலகர். யாரோ பேருக்கு அட்டவணையில் ஏற்றி நம்பர் ஒட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. நூலகர் ஓய்வு பெறப் போகிற வயதுக்காரர். "பூச்சி கீது இருக்கும் பாத்துக்கங்க. கடிச்சா நான் பொறுப்பில்ல" என்று சாவியைக் கொடுத்தார்.

அங்கேதான் அவளைப் பார்த்தேன். தோல் அட்டை போட்ட சின்னப் புத்தகம், உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. முதல் பாகமும் இரண்டாம் பாகமும் இருந்தன. மூன்றாவதைக் காணவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு அச்சு. தலைப்புப் பக்கத்தில் நாவலின் பெயர் இருந்தது, அச்சிட்டவன் பெயர் இருந்தது, விற்கிற கடையின் தெரு இருந்தது. எழுதியவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெண்மணி எழுதியது என்று மட்டும் இருந்தது. அடுத்த நான்கைந்து பக்கங்களுக்கு, புத்தகத்துக்கு முன்பணம் கொடுத்தவர்களின் பெயர்கள். பிரபு, பிரபு மனைவி, பாதிரியார், தளபதி, எத்தனை பிரதி என்பது உட்பட. கோயிலில் டியூப் லைட் வாங்கிக் கொடுத்தவர்கள் வெளிச்சம் வர விடாமல் உபயம் என்று பெயர் எழுதி வைப்பார்களே, அதே கதை. கொடுத்தவன் பெயர் எல்லாம் இருக்கிறது. எழுதியவள் பெயர் இல்லை.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். தார் சுற்றி வந்து கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பேரே போடலியா?"

"ஒரு அம்மணின்னுதான் போட்டிருக்கு."

"அது போதும்னு உட்டுட்டாங்களாட்ட இருக்குது" என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. முதுகு தெரிந்தது.

படிக்க ஆரம்பித்தபோது ஒரு வரி புரியவில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்தக் காலத்து அச்சில் சின்ன எஸ்ஸை வார்த்தையின் முதலிலும் நடுவிலும் நீட்டிப் போடுவார்கள். பார்க்க எஃப் மாதிரியே இருக்கும். எஃப்புக்கு நடுக்கோடு இரண்டு பக்கமும் போகும். இந்த எஸ்ஸுக்கு இடது பக்கம் மட்டும் ஒரு சின்ன மூக்கு. தாள் பழுத்து மை ஊறியிருந்தால் மூக்கு எது, கோடு எது என்று தெரியாது. வார்த்தையின் கடைசியில் வந்தால் சாதாரண எஸ்தான். பெரிய எழுத்தாக வந்தாலும் சாதாரண எஸ்தான். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூலப் புத்தகம் என்ற ஒன்றை நாங்கள் கண்ணால் பார்த்தால்தானே சொல்லித் தருவதற்கு.

அதனால் நான் எல்லாவற்றையும் எஃப் என்றே படித்தேன். சிஸ்டர் எல்லாம் ஃபிஃப்டர். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள் என்று வருகிற இடத்தில் சேட் என்பதை ஃபேட் என்று படித்து, இவள் ஏன் ஜன்னல் பக்கம் போனதும் குண்டாகிறாள் என்று குழம்பினேன். அன்னூர்க்காரியிடம் காட்டினேன். அவள் சிரித்ததில் நூலகர் எட்டிப் பார்த்தார்.

"உன்ற அம்மணி எந்தச் சன்னலுக்குப் போனாலும் குண்டாயிர்றா. சன்னல் ஓரத்துல என்னத்த வெச்சுத் திங்கறாளோ."

பிறகு பிடிபட்டது. நாலு பக்கம் தட்டுத் தடுமாறிப் படித்தால் கண் தானாகத் திருத்திக்கொள்ளும். எந்த இடத்தில் எஸ், எந்த இடத்தில் எஃப் என்று வாக்கியமே சொல்லிவிடும். சொல்லாதது ஒன்றே ஒன்று, பெயர். அந்த நாவலில் கதை நடக்கிற கிராமத்தின் பெயரை நான் மெல்ஃபி என்று படித்தேன். அது அவளாக வைத்த கற்பனை ஊர். அட்லஸில் தேடினேன், இல்லை. சரி, மெல்ஃபி என்று எழுதிக்கொண்டேன்.

அந்த ஊர் கம்பளி நெய்கிற ஊர். இங்கிலீஷ் நாவல் என்றால் மாளிகை, தோட்டம், வண்டி, நடனம் என்றுதான் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். இவள் நூல் நூற்கிற விதவையை எழுதியிருந்தாள். வியாபாரி கம்பளியை எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் போவான். நூலாக்கித் தந்தால் எடை குறைகிறது என்பான். விதவையின் மகள்தான் கதாநாயகி. கம்பளியின் எண்ணெய்ப் பிசுக்கு அவள் கையை விட்டுப் போகாது. பெரிய வீட்டில் ஒரு கிழவிக்குத் துணையாகப் போய்ச் சேருவாள். அந்த வீட்டாருக்கெல்லாம் கடிதம் எழுதித் தருவாள். அவர்கள் கையெழுத்து மட்டும் போடுவார்கள். விருந்தாளிகள் அந்தக் கடிதங்களைப் புகழும்போது இவள் கையை மேசைக்குக் கீழே ஒளித்து வைத்துக்கொள்வாள், வாசம் வரும் என்று. அந்தப் பக்கத்தைப் படித்த அன்று நான் பஸ்ஸில் ஊர் திரும்பும்போது என் கையை மோந்து பார்த்தேன்.

நான் அழுகிற ஆள் இல்லை. ஆனால் ஒன்று தெரிந்துவிட்டது. நான் இவளைப் பற்றித்தான் எழுதுவேன். இவளை யாரும் படிக்கவில்லை என்றால் நான் ஒருத்தி படித்தேன் என்று எழுத்தில் இருக்கட்டும். அது இருந்தால் எனக்கு ஒரு வேலையும் கிடைக்கும், அவளுக்கு ஓர் இடமும் கிடைக்கும். அவ்வளவுதான் என் ஆசை.

நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஹிஸ்டரி ஆஃப் இங்கிலீஷ் லிட்டரேச்சர்ல இந்தம்மா எங்கயாச்சும் வருதா?" என்றீர்கள். இல்லை என்றேன். "ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாத ஆளைப் புடிச்சுட்டு வந்தா எக்ஸாமினர் என்னன்னு மார்க் போடுவாரு?" என்றீர்கள். யாருக்கும் தெரியாது என்பதால்தானே ஆய்வு என்றேன். என் தொண்டை அப்படி, கொஞ்சம் சத்தமாகக் கேட்டிருக்கும். மூன்று வாரம் உங்கள் அறை வாசலில் நின்றேன். கடைசியில், "சரி, ரெண்டு சாப்டர் எழுதிக் கொண்டா, பாக்கலாம்" என்றீர்கள்.

எழுதினேன். பழைய புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது, முதுகு உடையும் என்று விதி. கையால் எழுதி எடுத்தேன். காந்திபுரத்தில் ஒரு டைப்பிங் சென்டரில் கொடுத்து அடித்துக் கட்டி உங்கள் மேசையில் வைத்தேன். அந்த இரண்டு சாப்டரில் எல்லா இடத்திலும் மெல்ஃபி என்றுதான் இருந்தது. என் தப்பு. வைத்துக்கொள்ளுங்கள், இது பின்னால் தேவைப்படும்.

நீங்கள் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். முதல் தடவையாக உட்காரச் சொன்னீர்கள். நன்றாக வந்திருக்கிறது என்றீர்கள். இந்தப் பெண் எழுத்தாளரை வேறு யாராவது தொட்டிருக்கிறார்களா என்று இரண்டு தடவை கேட்டீர்கள். இல்லை என்று இரண்டு தடவை சந்தோஷமாகச் சொன்னேன்.

மூன்றாம் பாகம் அதற்குப் பிறகுதான் கிடைத்தது. பைண்டிங் போக வேண்டியவை என்று கட்டி வைத்த கட்டுக்குள் இருந்தது. நூலகர் எடுத்துக் கொடுத்து, "இந்தாங்க, உங்க சம்சாரம்" என்றார். அவர் அப்படித்தான் பேசுவார். நூலக மேசையிலேயே உட்கார்ந்து படித்தேன். மகள் பெரிய வீட்டை விட்டுத் தன் ஊருக்கே திரும்புகிற இடத்தில் ஒரு புது அத்தியாயம். அதற்குத் தலைப்பாக ஊரின் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். நாவல் முழுக்க அந்த ஒரே இடத்தில்தான் பெரிய எழுத்து. பெரிய எழுத்தில் எஸ்ஸுக்கு வேஷம் கிடையாது. எஸ் எஸ்ஸாக நின்றது. ஊரின் பெயர் மெல்ஸி.

அன்னூர்க்காரியை இழுத்து வந்து காட்டினேன். "அடிப் பாவி, இத்தன நாளா ஊரு பேரே தெரியாமத்தான் அந்த ஊர்ல கெடந்தியா?" என்றாள். அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். இதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாவல் எப்படி முடிகிறது என்றும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்லப் போவதில்லை. மகள் மெல்ஸிக்குத் திரும்பி வரும்போது அம்மா இறந்து போயிருக்கிறாள். ராட்டையைக் கடனுக்கு ஈடாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ராட்டை நின்ற இடத்தில் தரை மட்டும் தேய்ந்து குழிந்திருக்கிறது. அவள் அந்தக் குழியில் காலை வைத்துப் பார்க்கிறாள். அவ்வளவுதான். கல்யாணம் இல்லை, சொத்து வரவில்லை, காணாமல் போன மாமா யாரும் கப்பலில் வரவில்லை.

நான் திருத்தம் சொல்ல உங்களிடம் வந்தேன். மூன்றாம் பாகம் கிடைத்துவிட்டது என்றதும், "மூணையும் என் லைப்ரரி கார்டுல எடுத்துட்டு வந்து வெச்சுடு, நான் ஒரு தடவை பாக்கோணும்" என்றீர்கள். நானே எடுத்து வந்து உங்கள் மேசையில் வைத்தேன். அதற்குப் பிறகு நான் அந்தப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. ஊர்ப் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். ஃபோன் வந்தது. கையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டீர்கள். நூலகத்தில் எடுத்திருந்த குறிப்பை வைத்து மிச்ச சாப்டர்களை எழுதி, முதல் இரண்டையும் திருத்தி, எல்லா இடத்திலும் மெல்ஸி என்று அடித்து, முழு ஆய்வேட்டையும் கொண்டுவந்து கொடுத்தேன். பரீட்சகருக்கு அனுப்பி வைத்தீர்கள். நீங்கள் அதைப் புரட்டவில்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்த மழைக்காலத்தில் கருத்தரங்கு நடந்தது. வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அழைப்பிதழில் உங்கள் பெயருக்கு நேராக, மறக்கப்பட்ட ஒரு பெண் நாவலாசிரியர் என்று தலைப்பு. சரி, நம் ஆய்வைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார் என்று நினைத்து அம்மாவின் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தேன். அப்படிப்பட்ட மடச்சி நான்.

நீங்கள் என் இரண்டு சாப்டரை வாசித்தீர்கள். கமா, புள்ளி மாறவில்லை. மலைத் தோட்டத்துப் பெட்டிக்குள் நீங்களே கை விட்டுத் தேடியதாகச் சொன்னீர்கள். தூசியில் உங்களுக்குத் தும்மல் வந்ததாகச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். மேசைக்குக் கீழே கையை ஒளிக்கிற இடத்தை வாசித்தபோது முன் வரிசையில் ஒரு அம்மா தலையசைத்தார். அந்த இடத்தைப் பற்றி நான் எழுதிய வரி அது. கடைசியில், மூன்றாம் பாகத்தில் கதாநாயகி அந்தக் காலத்து வழக்கப்படி நல்ல இடத்தில் மணம் முடிக்கிறாள் என்று முடித்தீர்கள். மூன்றாம் பாகத்தைப் பற்றி என் இரண்டு சாப்டரில் ஒன்றும் இல்லை, பாருங்கள். அதனால் நீங்களே முடித்து வைத்தீர்கள். நம் பக்கத்தில் வயசுக்கு வந்த பிள்ளையை எவன் கையிலாவது பிடித்துக் கொடுத்தால் கடமை முடிந்தது என்பார்கள். அவளையும் பிடித்துக் கொடுத்துவிட்டீர்கள்.

கேள்வி உண்டா என்றார்கள். எழுந்தேன். அன்னூர்க்காரி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு, உக்காருடி, பொழப்பு போயிரும்" என்றாள்.

எனக்கு வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை. கோயமுத்தூர்க்காரியின் நாக்கு அப்படி. திருடனைப் பிடித்தாலும் ஏனுங்க எடுத்தீங்க என்றுதான் வரும். இங்கிலீஷில் அந்த ங்க கிடையாது என்பதால் ஒரு வாக்கியத்தில் மூன்று சார் போட்டுக் கேட்டேன். கதை நடக்கிற கிராமத்தின் பெயர் என்ன, சார். மைக் தேவைப்படவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது.

நீங்கள் தாளைப் பார்த்தீர்கள். தாளில் இருந்ததைச் சொன்னீர்கள்.

"மெல்ஃபி."

பிறகு மேடையிலிருந்து சிரித்தீர்கள். "எங்க ஸ்டூடண்ட்தான். புத்தகத்தைப் புரட்டிக் குறிப்பெடுக்கறப்போ தூங்கிட்டாளாட்ட இருக்கு" என்று தமிழில் சொன்னீர்கள். மண்டபம் சிரித்தது. சிரித்தவர்களில் ஒருத்தருக்கும் நான் என்ன கேட்டேன், நீங்கள் எதில் மாட்டினீர்கள் என்று தெரியாது. தெரிந்தது இரண்டு பேருக்கு. ஒருத்தி முந்தானையை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பிற்பாடு அவளுக்கு அதே கல்லூரியில் வேலை கிடைத்தது. மரணத்தைப் பற்றி எழுதினாள், பிழைத்துக்கொண்டாள். அவளைத் திட்ட எனக்கு இப்போது தெம்பு இல்லை.

கட்டுரை பத்திரிகையில் வந்தது. அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. குறிப்புகள் எடுக்க உதவிய ஒரு மாணவிக்கு நன்றி. ஒரு மாணவி. அதைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாவல் எழுதியவளுக்காவது தலைப்புப் பக்கம் கிடைத்தது. எனக்கு அடிக்குறிப்பு.

இதோடு போயிருந்தாலும் நான் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். பட்டம் வந்தால் போதும் என்று இருந்தேன். ஆனால் பரீட்சகர் நேர்மையான மனுஷர் போலிருக்கிறது. என் ஆய்வேட்டைப் படித்துவிட்டு, உங்கள் கட்டுரையையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். மெல்ஸி என்று நான் எழுதிய இடத்தையெல்லாம் சிவப்பு மையில் அடித்து, எஸ்ஸின் மேல் எஃப் போட்டிருந்தார். முடிவும் தவறு, கட்டுரையைப் பார்க்கவும் என்று ஓரத்தில் எழுதியிருந்தார். தன் கைடின் கட்டுரையை வைத்து எழுதிய மாணவி அதைக்கூடச் சரியாகப் படிக்கவில்லை, திருத்தி மறுபடி சமர்ப்பிக்கவும் என்று அறிக்கை. என் தப்பைத் திருடிக்கொண்டு போய், அதைச் சரி என்று ஆக்கி, என் சரியைத் தப்பு என்று எனக்கே திருப்பி அனுப்பியிருந்தீர்கள்.

உங்கள் அறைக்கு வந்தேன். சிவப்பு மையைப் பார்த்தீர்கள். அப்போதுதான் உங்களுக்கும் புரிந்தது என்று நினைக்கிறேன். ஆய்வேட்டை மூடி என் பக்கம் தள்ளினீர்கள்.

"ஒரு எழுத்துதான அம்மணி. மாத்திப்போட்டுக் கொண்டா, கையெழுத்துப் போட்டர்றேன்."

"முடிவு?"

"அதையும் ஒரு பாரா மாத்திரு."

"புத்தகத்தப் பாத்துச் சொல்லுங்க சார். மூணாவது பாகம். பெரிய எழுத்துல இருக்கு."

"புத்தகம் லைப்ரரிக்குக் குடுத்தாச்சே."

நூலகத்துக்கு ஓடினேன். நூலகர் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "வரலீங்க அம்மணி. நானும் ரெண்டு தடவ கேட்டுப்போட்டேன். குடுத்தாச்சுங்கறாரு. பெரிய மனுசன், பொய்யின்னு நான் எப்படிச் சொல்றது? எனக்கு இன்னும் நாலு மாசந்தான் இருக்குது" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்கட்டுச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் தறிக்கூடத்தில் எல்லோரிடமும் மகள் காலேஜ் டீச்சர் ஆகப் போகிறாள் என்று சொல்லி முடித்திருந்தாள். அவளுக்கு விஷயத்தைப் புரியவைக்கச் சுவரில் கரித்துண்டால் இரண்டு எழுத்தையும் எழுதிக் காட்டினேன். பார்த்தாள்.

"இந்த ஒரு எழுத்துக்கா?"

"ஆமா."

"இதுக்கும் அதுக்கும் ஒரு கோடுதான கண்ணு வித்தியாசம்."

"ஆமா."

"போட்டுக் குடுத்துட்டு வந்துரு. உன்ற அம்மணி செத்து எந்தக் காலமோ ஆச்சு. அவ வந்து கேக்கப் போறாளா?"

அவள் வந்து கேட்கப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த ஊருக்கு அவள் வைத்த பெயர் மெல்ஸி. அவளுக்கென்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த மூன்று பாகம் மட்டும்தான். அதிலும் நீங்கள் ஊரை மாற்றி, முடிவை மாற்றி, அதற்கு நானும் கையெழுத்துப் போட்டால் அவள் எழுதியது என்று எது இருக்கும்? நான் மாற்றவில்லை. அம்மா என்னோடு பல நாள் பேசவில்லை. பிறகு பேசினாள், ஆனால் காலேஜ் என்ற வார்த்தையைச் சொல்வதை விட்டுவிட்டாள். கரி எழுத்து சுவரில் ரொம்ப நாள் இருந்தது. அவள்தான் ஒரு பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தாள்.

இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆஃபீஸில் இருக்கிறேன். பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற வேலை. எஸ், எம், எல் என்று நாள் முழுக்க அடிக்கிறேன். அங்கே எஸ் எஸ்ஸாகத்தான் இருக்கிறது. அம்மா இன்னும் தார் சுற்றுகிறாள். எம்.ஃபில். படித்தேன் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் ஏன் முடிக்கவில்லை என்று கேட்பார்கள். ஒரு எழுத்துக்காக என்றால் பைத்தியம் என்பார்கள். சில நாள் எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. இன்னும் மோசமாக, சில நாள் விழித்ததும் அந்தப் பக்கம் நினைவுக்கு வர மாட்டேன் என்கிறது. பெரிய எழுத்தில் நின்றது எஸ்தானா, நானாகத்தான் பார்த்தேனா என்று பயம் வருகிறது. அவளைப் படித்த ஒரே ஆளின் கண்ணையே நீங்கள் சந்தேகப்பட வைத்துவிட்டீர்கள். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கிடைக்க வேண்டிய வேலை போனதைக்கூட விட்டுவிடலாம்.

சும்மா கிடந்தவளை எழுப்பியது ஒரு நோட்டீஸ். ஆஃபீஸில் டிபன் மடித்து வந்த பேப்பரில் பார்த்தேன். ஓய்வு பெறுகிறீர்களாம். பாராட்டு விழாவாம். உங்கள் கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிடுகிறார்களாம். உலகம் மறந்த பெண் நாவலாசிரியரைக் கண்டெடுத்துத் தந்தவர் என்று உங்கள் படத்துக்குக் கீழே போட்டிருந்தது. எண்ணெய் ஊறி உங்கள் முகத்தின் பாதி தெரியவில்லை. அந்த வரி நன்றாகத் தெரிந்தது.

உங்கள் பட்டத்தையும் மாலையையும் நான் பிடுங்க வரவில்லை. என் இரண்டு சாப்டரும் உங்களுக்கே இருக்கட்டும். அடிக்குறிப்பில் இருந்து என்னைத் தூக்கிவிட்டாலும் சரி. எனக்கு வேண்டியது வேறு.

அந்த விழாவில் மேடை இருக்கும், மைக் இருக்கும். ஆட்கள் நிறைய வருவார்கள். நானும் வருகிறேன், பின் வரிசையில் நிற்பேன். கேள்வி கேட்க மாட்டேன். கேள்வியை இங்கேயே அச்சில் கேட்டுவிட்டேன், எல்லோரும் படித்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். ஏற்புரைக்கு எழுந்திருக்கும்போது அந்த மூன்று பாகத்தையும் கையில் எடுத்து வாருங்கள். மூன்றாவதைத் திறந்து, பெரிய எழுத்தில் இருக்கிற அந்தத் தலைப்பை எழுத்துக் கூட்டி வாசியுங்கள். கடைசிப் பக்கத்தையும் வாசியுங்கள், அவளுக்குக் கல்யாணம் ஆகிறதா என்று அவர்களும் கேட்கட்டும். நான் சொல்வது தப்பு என்றால் அங்கேயே சொல்லுங்கள், எல்லோர் முன்னாலும் உங்கள் காலில் விழுகிறேன்.

புத்தகத்தைக் கொண்டுவர முடியாது என்றால் அதற்கான காரணத்தைச் சொல்லுங்கள். தொலைத்துவிட்டீர்களா, கரையானுக்குக் கொடுத்தீர்களா, பழைய பேப்பரோடு போட்டீர்களா, இல்லை உங்கள் வீட்டு அலமாரியில் இன்னும் திறக்காமல் இருக்கிறதா?

புத்தகம் எங்கே? அந்த ஊரின் பெயர் என்ன? மைக்கில் சொல்லுங்கள் சார்.